சற்றுப் பொறுங்கள்

நூற்றுக்குப் பதினேழு என்றது.
அதன்பின் அரை மணி நேரம்
பதினேழிலேயே நின்றது.
பத்தூமியில் அன்று மழை.
பத்தூமியில் மழை என்று எழுதுவது
உப்பு கரிக்கிறது என்று எழுதுவது மாதிரி.

புதுப்பித்தல் முடிந்தது இரவு ஒன்றரைக்கு.
எல்லாம் தயார் என்று சொல்லிவிட்டு
அணைந்தது.
தானே எழுந்தது.
வணக்கம் சொல்லி, மறுபடி
அணைந்தது.

மூன்று நாள் இப்படி.
கடவுச்சொல்லை நான் அடித்து முடிப்பதற்குள்
சில சமயம்;
ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவு,
ஹேசல்நட் நாற்பது டன்,
ஈரப்பதம் ஆறு விழுக்காட்டுக்கு மிகாமல்
என்று பெயர்த்துக்கொண்டிருக்கையில்
சில சமயம்.
'மிகாமல்' என்பதை மட்டும்
ஐந்து முறை மொழிபெயர்த்திருக்கிறேன்.
ஐந்தும் வேறு வேறு.
ஒன்றுகூட மிஞ்சவில்லை.

நாத்தனார் கணவர் மால்ஹாஸ்,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்,
போனில் தீர்ப்புச் சொன்னார்:
"புதுப்பித்தல்தான். சந்தேகமே வேண்டாம்.
எங்கேயோ எவனோ ஒருத்தன்
ஒரு புள்ளியை மாற்றிப் போட்டிருப்பான்."
அந்த ஒருத்தனை நான்
மூன்று நாளும் வெறுத்தேன்.
அவனுக்குக் கட்டம் போட்ட சட்டை கொடுத்தேன்.
ஒரு தாடி. ஆறிப்போன காபி.
நல்ல தூக்கம்.

பாதுகாப்பு முறையில் ஏற்றினேன்.
திரை கறுத்து, எழுத்தெல்லாம் பெருத்து,
காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை போல
பதினோரு நிமிடம் சமர்த்தாக இருந்தது.
பிறகு அணைந்தது.
புதியதைக் கழற்றினேன்.
பழைய தேதிக்குத் திரும்பினேன், செவ்வாய்க்கு.
செவ்வாயன்று நன்றாக இருந்தோம் என்று
இயந்திரத்துக்கும் ஞாபகம் இருந்தது.
செவ்வாயும் அணைந்தது.
திரைக்கான டிரைவர், ஒலிக்கான டிரைவர்,
என்னிடம் இல்லவே இல்லாத பிரின்டரின் டிரைவர்,
ஒவ்வொருவராய் இறக்கி நிறுத்தி விசாரித்தேன்.
எவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

நான்காம் நாள் டிரப்சோனிலிருந்து ஃபெஹ்மி பே
ஒரு கேள்விக்குறி அனுப்பினார்.
முன்னால் வாக்கியம் இல்லை.

அன்று இரவுதான்
விண்டோஸ் எழுவதற்கு முன்னால் இருக்கும்
அந்தச் சாம்பல் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.
அங்கே புதுப்பித்தல் கிடையாது. டிரைவர் கிடையாது.
கட்டம் போட்ட சட்டைக்காரன் அங்கே வர முடியாது.
ஒரு கடிகாரம், விசிறியின் வேகம்,
பிறந்தபோது கொடுத்த வரிசை எண்.
கையை மடியில் வைத்துக்கொண்டு
வினாடிகள் மாறுவதைப் பார்த்தேன்.
ஏழாவது நிமிடம்
அணைந்தது.

அப்படியானால் நீ இல்லை, என்றேன்
காபி ஆறிய அந்த மனிதனிடம்.
சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல.
மேல்வீட்டு நாய் குரைத்தது.

கைபேசி வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்
பவர் பொத்தானின் ஓரத்தில்
ஊதாவாக ஒரு மினுக்கம்.
நகத்தால் சுரண்டினேன். முகர்ந்தேன்.
வெட்கமில்லாமல் நாக்கில் வைத்தேன்.
பெலமூஷி.
திராட்சைச் சாற்றில் மாவு கிளறிய கூழ்.
பதினேழிலேயே நின்ற அந்த அரை மணி நேரம்
வேறென்ன செய்வதென்று
கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தேனே,
அந்தக் கரண்டி.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததாம்.
நான்கு நாளாகக் காக்கையைத் திட்டியவளுக்கு
வாயெல்லாம் பனஞ்சாறு.

கூழ் பொத்தானை உள்ளே இழுத்துப் பிடிக்கும்;
அணைக்கச் சொல்கிறாள் போல என்று அணையும்.
இளகி விட்டு, மறுபடி பிடிக்கும்;
எழுப்புகிறாள் போல என்று எழும்.
இத்தனை நாளும் அது
சொன்னதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

ஸ்பிரிட் தொட்ட பஞ்சு, ஒரு பல்குத்தி.
இருபது நிமிட வேலை.
விடியற்காலை ஈரப்பதம் ஆறுக்கு மிகாமல்
கடல் தாண்டிப் போயிற்று.

திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி:
நீங்கள் நீக்கிய புதுப்பித்தல் காத்திருக்கிறது.
இப்போதா, பிறகா?
எழுந்து போய்க் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தேன்.
இப்போது, என்று அழுத்தினேன்.

ஒன்பது மணிக்கு மால்ஹாஸ்.
பின்னால் கிரேன் சங்கிலியின் சத்தம்.
"என்ன, நான் சொன்னதுதானே?"

நூற்றுக்கு அறுபத்து மூன்று.
"நீங்கள் சொன்னதுதான்" என்றேன்.