இரண்டரை அங்குலம்

கம்பெனிக் குழாய் பத்தொன்பது கிலோ.
கழற்றித் தூக்கிப் பார்த்தேன்.
இவ்வளவு கனம் வேண்டியிருக்கிறது
ஒரு எஞ்சின் வாயைத் திறக்காமலிருக்க.

ஆறு சிலிண்டர், ஒரே வரிசையில்.
இன்வர்கார்கிலில் ஆட்டுப்பண்ணைக்காரர் ஒருவர்
முதுகுவலி வந்து விற்ற கார்.
பதினோரு வருடமாக அது
வங்கி கவுன்டரில் இருப்பவரைப்போலவே பேசியிருக்கிறது:
சரிங்க, ஆகட்டுங்க, அடுத்தவர் வாங்க.

கோடை முழுக்க இரவில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு
குழாய் குழாயாகக் கேட்டேன்.
ஒசாக்காவின் சுரங்கப்பாதையில் ஒன்று,
பவேரியாவின் மழையில் ஒன்று.
எல்லாம் யாரோ நீட்டிய மைக்கில் நசுங்கிய உறுமல்.
படத்தில் பார்த்த சாப்பாட்டுக்கு
உப்பு போதுமா என்று யார் சொல்வது?

போர்ட் சாமர்ஸில் கிரேன் கூண்டு எனக்கு.
கண்டெய்னர் தரை தொடும் சத்தத்திலேயே
காலியா, பால்பவுடரா என்று சொல்லிவிடுவேன்.
காதை நம்பிப் பிழைக்கிறவன்
இதில் ஏமாறலாமா?

நைரியின் பட்டறைக்குப் போனேன்.
அவள் விலைப்பட்டியலை எடுக்கவில்லை.
"காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவாய்?"
நாலு நாற்பது.
"தெருவில் யார் யார்?"
குழாய் வாங்க வந்தேன், என்றேன்.
"அதைத்தான் கேட்கிறேன்."

டைட்டானியம் ஏழே கிலோ.
சுண்டினால் மணி.
சூடேறினால் கத்தரிப்பூ நிறம், பிறகு மயில்கழுத்து.
விலை, என் இரண்டு மாத வாடகை.
எஃகு அப்படியில்லை. கனம். கார்வை கீழே.
ரெசனேட்டர் வைக்காமல் போட்டால்
மூவாயிரம் சுற்றில் மண்டைக்குள் வண்டு புகும்;
"ஓமரு போய்ச் சேர்வதற்குள்
உன் மனைவி இறங்கி நடந்துவிடுவாள்."
ஏற்கெனவே நடந்துவிட்டாள் என்றேன்.
நைரி துணியில் கை துடைத்தாள்.
வெகுநேரம் துடைத்தாள்.

மூன்று கார்களைக் கிளப்பிக் காட்டினாள்.
முதலாவது இருமியது.
இரண்டாவது, கல்யாண வீட்டில்
மைக்கைக் கீழே வைக்காதவன்.
மூன்றாவது
முதலில் முழங்காலுக்கு வந்தது,
பிறகுதான் காதுக்கு.
நாலாயிரம் தாண்டியதும் கரகரப்பெல்லாம் உதிர்ந்து
ஒற்றைச் சுருதியில் நின்றது.
கூரைத் தகரம் அதற்கு ஒத்து ஊதியது.

இரண்டரை அங்குலம், எஃகு, ரெசனேட்டர் உண்டு.
சட்டத்தின் எண்ணுக்கு ஒரு டெசிபல் கீழே.
"அளக்கிற அன்றைக்கு" என்றாள் நைரி.

கடலோரச் சாலையில் காரணமில்லாமல்
இரண்டு தடவை போய்வந்தேன்.
ஓரிடத்தில் பாறைச் சுவர்.
அதை ஒட்டி கியரைக் குறைத்தால்
சொன்னதைத் திருப்பிச் சொல்லும்.
நானும் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தேன்,
நாற்பத்தாறு வயதில்.

ஜூனில் ஒருநாள் பக்கத்து வீட்டு செமிசி
வேலிக்கு அந்தப்பக்கம் நின்று சொன்னான்:
பாப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள்.
ஒன்பது வாரம் முந்திக்கொண்டவள்.
இப்போது இரண்டு கிலோ நூறு.
காரைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

டனீடினில் எங்கள் தெரு
ஏணியைச் சாய்த்துத் தார் பூசியது.
நாலு நாற்பதுக்கு
கதவை அறைந்து சாத்தாமல் கையால் பிடித்தபடி
நியூட்ரலில் ஹேண்ட்பிரேக்கை விடுகிறேன்.
எஞ்சின் இல்லாத ஸ்டியரிங் அசைந்து கொடுக்காது.
பிரேக் இரண்டு மிதிக்கு உதவும், மூன்றாவதுக்குக் கல்.
எட்டு வீடு, பூட்டிய மீன்கடை.
டயருக்கடியில் உறைபனி
அப்பளமாய் நொறுங்குகிறது.

கீழே கிடங்கு வாசலில் சாவியைத் திருப்புவேன்.
அத்தனை பணம் கொடுத்து வாங்கிய குரல்
ஒரு இரும்பு ஷட்டரிடம் பேசும்.
ஷட்டர் லேசாக அதிரும்.
போதும்.

நேற்று செமிசி கேட்டான்:
"பேட்டரி போய்விட்டதா?
காலையில் தள்ளிவிட வரட்டுமா?"

வேண்டாம், சரிவு இருக்கிறது என்றேன்.