கழித்தல் குறி

கம்பளிக் கொட்டகையில் ஒன்பது மேசைகள்.
ஆட்டுரோமக் கொழுப்பின் வாசம்
பலகைகளை விட்டு இன்னும் போகவில்லை.
கைபேசிகளை இதில் போடுங்கள் என்று
ஹான்லி ஒரு கூடையை நீட்டினாள்.
சந்தைக்குப் போகும் முட்டைகளைப் போல
ஒன்றன்மேல் ஒன்று மெல்ல வைத்தோம்.

ஜூலை. கரூ நிலத்தின் வறண்ட குளிர்.
ஆடுகளின் தண்ணீர்த் தொட்டியில்
தட்டினால் உடையும் தகடாய்ப் பனி.
காற்றாலை சுற்றுகிறது, நிற்கிறது,
முதல் வரி கிடைக்காத யாரோ போல
மறுபடி சுற்றுகிறது.

தொண்ணூறு நிமிடம் எழுத்து, பேச்சில்லை.
ரூயிபோஸ் தேநீர், பல்லைச் சோதிக்கும் ரஸ்க்.
மறுபடி தொண்ணூறு.
மாலையில் ஆளுக்கொரு எண் சொல்ல வேண்டும்;
சுவரில் ஒட்டிய பழுப்புத் தாளில்
ஹான்லி அதைச் சிவப்பு மையால் எழுதுவாள்.

முதல் நாள்
ஃபேரியல், வரிச் சட்டம், ஆயிரத்து நானூறு.
தபீசோ, மலைப் பாறைகளின் கல்பாசி, எழுநூற்றுப் பத்து.
சோலேக்கா, அதாவது நான்,
பிரசவ விடுதி வாசலில் காத்திருப்போர்,
நாற்பது.
அதில் பன்னிரண்டு
என் பெயரும் துறையும் முகவரியும்.
யாரும் சிரிக்கவில்லை.
சிரித்திருக்கலாம்.

இரண்டாம் நாள்
‘எனினும்’ என்பதை ‘ஆயினும்’ ஆக்கினேன்.
தேநீருக்குப் பிறகு
‘ஆயினும்’ என்பதை ‘எனினும்’ ஆக்கினேன்.
அட்டவணை மூன்றின் கோடுகளைத் தடிப்பாக்கினேன்.
முன்மேசையில் தபீசோவின் விரல்கள்
தகரக் கூரையில் மழையாய்க் கொட்டின.
என் பக்கம் மேகம்கூட இல்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
நான் முப்பத்தொரு சோறு எடுத்திருக்கிறேன்,
ஒலிப்பதிவோடு, ஒப்புதல் கையெழுத்தோடு.
போதுமா என்று கேட்கிறது நெறியாளரின் கடிதம்.
பானையைப் பற்றி
அவர் ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு
மின்சாரம் போயிற்று. அட்டவணைப்படிதான்.
ஹீட்டரின் செம்மை சாம்பலானது.
பழைய பேட்டரிக்காரர்கள் ஒவ்வொருவராக
முகம் இருண்டு எழுந்து வெளியே போனார்கள்.
என் திரையில் பதினேழு சதவீதம்,
பக்கம் எண்பத்தொன்று,
பங்கேற்பாளர் பதினான்கு.

‘உணவு சார்ந்த பரிமாற்றம் ஒன்று
கவனிக்கப்பட்டது.’

யாரால்?
மூன்று வருடமாக அந்த வாக்கியத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன்,
படுத்திருக்கும் நாயைத் தாண்டுவது போல.

நடந்தது இவ்வளவுதான்.
பதினொரு மணி நேரமாக அந்தப் பெஞ்சில் இருந்தாள்.
பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்தாள்.
என் கேள்விகள் நீண்டுகொண்டே போக,
பாதியை என்னிடம் நீட்டினாள்.
காலையிலிருந்து அவள் சாப்பிடவில்லை என்று
ஆறாம் கேள்விக்குப் பதிலாக
ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.
நான் குறித்தும் வைத்திருந்தேன்.
வாங்கித் தின்றேன்.

அந்தப் பத்தியைத் தூக்கினேன்,
அதைத் தாங்கி நின்ற பத்தியையும்.
அழித்தவை இருநூற்று அறுபது சொல்.
எழுதியவை நாற்பத்தெட்டு;
அவற்றில் ‘நான்’ நான்கு முறை.
ஏழு சதவீதம்.
திரை அணைந்த பிறகும்
சற்று நேரம் விசைப்பலகையிலேயே கைகள் கிடந்தன,
ஆரஞ்சைத் தின்ற அதே கைகள்.

மாலை, மெழுகுவத்தியில்,
கழித்தல் இருநூற்றுப் பன்னிரண்டு என்றேன்.
ஹான்லியின் பேனா அந்தரத்தில் நின்றது.
கழித்தலா?
கழித்தல்.
ஒரு சிறு கிடைக்கோடு இழுத்தாள்.
சிவப்பாக, முதுகு சாய இடமில்லாமல்,
எண்ணுக்கு முன்னால் கிடந்தது
ஒரு பெஞ்சு.

இரவு பாத்திரம் துலக்கும்போது
ஃபேரியல் என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்:
‘இனிப்பா?’
தரவுகளில் இல்லை.
கொட்டை நிறைய இருந்தது என்றேன்.
துப்ப இடம் தேடி
கையிலேயே வைத்திருந்தேன்,
அடுத்த கேள்வி கேட்கும்வரை.