மாற்று நிலையம்

சிகாகோவிலிருந்து டெல்லி,
உருண்டையின் முதுகில் நூல் பிடித்தால்
பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் சொச்சம்.
சொச்சத்தை யாரும் கேட்பதில்லை.
அது என் வேலை.

வரும்போது பதினாலு மணி நேரம்
போகும்போது பதினாறு.
தூரம் அதேதான்,
காற்று ஒருவர் பக்கம் மட்டும் பேசும்.

வானத்தை நான் எண்களாகவே பார்த்திருக்கிறேன்.
எந்த உயரத்தில் எவ்வளவு குளிர்,
எந்த நாட்டின் வாசலில் எத்தனை மணிக்கு,
எத்தனை டன் எரிந்து எத்தனை மிஞ்சும்.
ஜன்னல் இல்லாத அறை.
தல்ஜீத்தின் பிளாஸ்க்கில் இஞ்சி டீ.

நேற்று ஒரு குறுஞ்செய்தி.
நலமா இல்லை, பெயர் இல்லை,
விமான எண் மட்டும்.
ஒன்பது வருஷத்துக்குப் பின்
அண்ணன் பத்ரி என்னிடம் பேசிய முதல் வார்த்தை
ஓர் எண்.

அப்பாவின் ஸ்கூட்டரை
அவனைக் கேட்காமல் விற்றேன்.
முனிர்காவில் ஒரு கபாடிக்காரனிடம், ஏழாயிரத்துக்கு.
பாதியை அனுப்பினேன். திருப்பி அனுப்பினான்.
அன்றிலிருந்து நாங்கள்
மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் தூரத்தில் இருக்கிறோம்.
இடையில் எத்தனையோ இரவு
அவன் ஊருக்கு வழி போட்டுக் கொடுத்திருக்கிறேன்.
ஏரிக்கு மேல் எங்கே திரும்ப வேண்டும் என்பதுகூட மனப்பாடம்.
ஒரு தடவையும் ஏறியதில்லை.

அவன் வரும் விமானத்துக்கும்
விடியற்காலை நான்தான் தாள் போட்டேன்.
புறப்படும் இடம். சேரும் இடம்.
அதற்கடியில் ஒரு கட்டம்:
சேர முடியாவிட்டால் எங்கே?
ஜெய்ப்பூர் என்று தட்டினேன், வழக்கமாய்த் தட்டுவதுதான்.
கூடவே, வட்டமடிக்கப்
பதினைந்து நிமிஷ எண்ணெய் அதிகம் வைத்தேன்.
காரணம் கேட்ட இடத்தில் மூடுபனி என்றேன்.
பொய் இல்லை, ஜனவரி.

இரவு பதினொன்று நாற்பது.
ஓடுபாதையில் கண்ணுக்கு எட்டுவது ஐம்பது மீட்டர்,
பிறகு அதுவும் இல்லை.
திரையில் ஒரு பச்சை முக்கோணம்
எங்கள் தலைக்கு மேலேயே சுற்றியது.
நாலு சுற்று. ஐந்து.
நான் வைத்த பதினைந்து நிமிஷமும் எரிந்தது.
அப்புறம் மூக்கைத் தென்மேற்கே திருப்பிக்கொண்டது.
தல்ஜீத் என் பக்கம் பார்க்காமல்
டீயை நகர்த்தி வைத்தார்.

கூப்பிடு தூரம் என்று
நம் மொழியில் ஓர் அளவு உண்டு.
கடல்மைலில் அது எவ்வளவு,
எந்தக் கையேட்டிலும் இல்லை.
கூப்பிடுகிறவரின் தொண்டையைப் பொறுத்தது.
கேட்கிறவரின் பிடிவாதத்தையும்.

ஒரு மணிக்கு போன் அடித்தது.
"எங்கேடி எறக்கி விட்டிருக்கே?"
பின்னால் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.
"படியே இன்னும் வைக்கலே. தண்ணி தீர்ந்து போச்சு.
இது உன் வேலைதானே?"
ஆமாம் என்றேன்.
"விடியற வரைக்கும் ஆகுமாம்."
"ஆகும்."
அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை அவன்.
வைக்கவும் இல்லை.

டெல்லியிலிருந்து ஜெய்ப்பூர்,
சாலை வழி இருநூற்று எழுபது.
இந்தப் பனியில் ஆறு மணி நேரம், ஏழும் ஆகலாம்.
நான் போய்ச் சேரும்போது
அவன் கிளம்பி இங்கே வந்திருப்பான்.
பழக்கதோஷம், கணக்கு தானாக ஓடியது.

"அந்த ஸ்கூட்டர் நம்பர் என்ன?" என்றான்.

சொன்னேன்.
கடைசி இரண்டு எண்ணை
அவனும் என்னோடு சேர்ந்து சொன்னான்.