ஏரி தெரியாத ஒன்றரை சென்ட்

படகுத்துறையில் சீட்டு கொடுக்கும் இடத்தில்
சன்னல் என்று சொல்ல முடியாத ஓர் ஓட்டை.
என் கை மட்டும் போய்வரும்.
மிதிபடகு அரைமணி, துடுப்புப்படகு ஒருமணி,
முன்பணம் தனி,
மழை வந்தால் பணம் திரும்பாது.

கியூவில் நிற்கிறவர்களுக்குத்
திடீரென்று ஆசை வந்துவிடும்.
"இங்க ஒரு வீடு வாங்கிப் போட்டா என்ன?
சென்ட் என்னம்மா போகுது?"
கேரட் கிலோ என்ன என்கிற மாதிரிதான் கேட்பார்கள்.
அரைமணி மிதித்துவிட்டுக் கரையேறும்போது
பால்கனிக்கு எந்த நிறம் என்று
புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை தொடங்கியிருக்கும்.

எனக்கும் வீடு இருந்தது, வாடகைக்கு,
ஜூனிலிருந்து மார்ச் வரை.
ஏப்ரல் பிறந்ததும் வீட்டுக்காரர்
வாசலில் வந்து இருமுவார்.
"சீசன் வருதுல்ல..."
மீதியை நாங்களே நிரப்பிக்கொள்வோம்.
கட்டில் வேன் ஷெட்டுக்கு,
கோழி பக்கத்து வீட்டுக்கு,
பையன் பத்தாம் வகுப்புப் பரீட்சையை
வத்தலக்குண்டிலிருந்து முதல் பஸ் ஏறி வந்து எழுதினான்.
கொண்டை ஊசி வளைவுகளில்
வாந்தியும் சமன்பாடும்.

ஜூனில் திரும்பினால்
சமையலறை ஆணியில் யாருடையதோ கம்பளித் தொப்பி.
மகள் அதைப் போட்டுக்கொண்டுதான்
இரண்டு வருடம் பள்ளிக்கூடம் போனாள்.

பதினோரு சீசன்.

புரோக்கர் இன்னாசி கூட்டிப்போனார்,
நாயுடுபுரம் தாண்டி, மேட்டின் பின்சரிவுக்கு.
மனையில் ஒரு காட்டெருமை மேய்ந்துகொண்டிருந்தது.
யாரும் கை தட்டவில்லை.
முக்கால் மணி நேரம் ரோட்டில் நின்றோம்,
வீட்டுக்காரர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று
காத்திருப்பதைப் போல.

"ஒரு குறை இருக்கு, மறைக்கக் கூடாது" என்றார் இன்னாசி.
"ஏரி தெரியாது.
தெரிஞ்சா இந்த விலைக்குக் கெடைக்குமா?"

பகலில் எட்டு மணி நேரம்
என் மூஞ்சிக்கு நேரே கிடக்கிறது ஏரி.
நாற்பத்து மூன்றாம் எண் படகு
இடப்பக்கம் இழுக்கும் என்பது வரை தெரியும்.
சாயங்காலமும் அதைப் பார்க்க
லட்சக்கணக்கில் நான் ஏன் தர வேண்டும்?
தனிஸ்லாஸ் வேனுக்குப் போட்ட கடன் முடியுமுன்
இன்னொரு கடனில் கையெழுத்துப் போட்டான்.

முப்பது வருடத்து வில்லங்கம் பார்த்தார்கள்.
இல்லை என்று முத்திரை குத்தித் தந்தார்கள்.
மனிதருக்கும் அப்படி ஒரு தாள் உண்டென்றால்
இவனைக் கட்டுமுன்
நானும் மனு போட்டிருப்பேன்.

பாதி காங்கிரீட், பாதி தகரம்.
துவைத்த துணி மூன்று நாள் காயாது.
காலையில் கதவைத் திறந்தால்
மேகம் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வருகிறது.
ஏப்ரல் வந்தது.
வாசலில் யாரும் இருமவில்லை.
நானே ஒருதரம் இருமிப் பார்த்தேன்.

மே பதினாறு, ராத்திரி எட்டரை.
ஊரில் ஒரு அறை மிச்சமில்லை.
சிவப்பு நிறக் கார் ஒன்று வழிதவறி வந்து நின்றது.
பின்சீட்டில் தூங்கும் இரண்டு பிள்ளைகள்.
"ஒரு ரூம் போதுங்க. நாலாயிரம் தர்றோம்.
மூணு நாள்."

தனிஸ் என்னைப் பார்த்தான்.
மாதத் தவணை பன்னிரண்டாயிரம்.
கணக்கு எனக்கும் வரும்,
என் வேலையே அதுதான்.
கட்டிலை எந்தப் பக்கம் நகர்த்தலாம் என்று
கண் அதுபாட்டுக்கு அளந்துவிட்டது.

காரிலிருந்து இறங்கிய அம்மா
சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டாள்:
"இங்கேருந்து ஏரி தெரியுங்களா?"

"தெரியாது" என்றேன்.

வேறு எங்காவது பார்க்கிறோம் என்று போனார்கள்.
பிள்ளைகளை நினைத்துக்
கொஞ்ச நேரம் சோறு இறங்கவில்லை.
தனிஸ் ஒன்றும் பேசாமல்
இன்னொரு கரண்டி ரசம் கேட்டான்.

மொட்டைமாடியில்
தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால்
இரண்டு தைலமரங்களுக்கு நடுவே
அந்தக் கரண்டி அளவு ஏரி தெரியும்.
இன்னாசிக்கு அது தெரியாது.
அவர்களிடமும் நான் சொல்லவில்லை.