இடது மணிக்கட்டு

நவம்பர் கடைசியில்
ஹாமர்ஃபெஸ்டில் விடிவதில்லை.
கடிகாரம் சொன்னால்தான் காலை.

விளக்கைப் போடாமலே
மணிக்கட்டில் மூன்று விரல் வைக்கிறார் தோர்லைஃப்.
சிரையையும் தமனியையும் சேர்த்துத் தைத்த இடம்
அதிர்கிறது.
ஆனாலும் ஏதோ இடிக்கிறது.

முப்பது வருடம் படகின் எஞ்சின் அறையில்
குழாயைத் தொட்டே கோளாறு சொன்னவர்.
இந்தக் கையில் வாட்ச் கட்டுவதில்லை, பை மாட்டுவதில்லை.
பிரஷர் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம்
வலது கைதான்.

காதில் வைத்துக் கேட்டார்.
நேற்றைய உறுமல் இல்லை,
மெலிசாய் ஒரு விசில்.

"எங்கேயோ குறுகுது," என்றார் போனில்.
"நாளைக்குத்தானே உங்களுக்கு டயாலிசிஸ்?" என்றாள் ரங்ன்ஹில்.
"நாளை வரைக்கும் ஓடாது."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"கிளம்பி வாங்க."

பனியில் நின்றார்,
யாரோ ஒப்படைத்துப் போன பிள்ளைபோல
அந்தக் கையைக் கோட்டுக்குள் அணைத்தபடி.

பஸ் எட்டு நிமிடம் தாமதம்.