இருபத்து மூன்று கிராமுக்கு ஒரு தாங்கி

புதுவயல் எடைமேடையில்
பகல் முழுக்க லாரி நிறுக்கிறேன்.
அறுபது டன் தாங்கும் இரும்பு அது;
இருபது இருபது கிலோவாகத்தான் எண்ணத் தெரியும்.
ஐம்பத்திரண்டு கிலோ நான் ஏறி நின்றால்
அறுபது என்று சீட்டு அடிக்கும்.

என் அம்பு இருபத்து மூன்று கிராம்.
வில்லுக்காரர்கள் கிராமில் சொல்வதில்லை,
தானிய மணியில் சொல்கிறார்கள்:
ஏறத்தாழ முன்னூற்று அறுபது.
எந்த ஊர்த் தானியமோ.
நகைத் தராசில் வைத்துப் பார்த்தேன்.
அவர்கள் மணி ஒன்றுக்கு
நம் பொன்னி நெல் மூன்றும் போதவில்லை,
நாலு கூடிவிட்டது.

ஞாயிறு மில் ஓடாது.
ஆவிச்சியப்பன் ஆலையின் பின்முற்றத்தில்
உமி மூட்டைகளை ஆறடிக்கு அடுக்கி
முன்னால் ஃபோம் பலகை நிறுத்தி
ஐம்பது மீட்டர் அளந்து வைத்திருக்கிறேன்.
எட்டு சென்டிமீட்டர் மஞ்சளுக்குள் போனால் பத்து.

இன்று பத்து எண்ணும் நாள் இல்லை.
அம்பு எதன்மேல் படுத்திருக்க வேண்டும் என்று
முடிவு செய்யும் நாள்.

சீட்டு மேசையில் முதலில் இருப்பது தூரிகை வளையம்.
சுற்றிலும் முடி, நடுவில் ஓட்டை.
அம்பைச் செருகிவிட்டால்
வில்லைக் கவிழ்த்துக் குலுக்கினாலும் விழாது.
புதரில் ஊர்ந்து போகிறவர்களுக்கு நல்லது.
எனக்கு ஊர வேண்டிய வேலை இல்லை.
போகிற அம்பின் இறகை
ஒருமுறை வாரிவிட்டுத்தான் அனுப்புகிறது,
பள்ளிக்குக் கிளம்பிய பிள்ளையை
வாசலில் நிறுத்தி
மறுபடி தலைசீவுவதுபோல.
ஒதுக்கி வைத்தேன்.

அடுத்தது, விழும் தாங்கி.
தோள் போன பிறகு சவரிமுத்து கொடுத்தார்.
கொடுத்தார் என்றால் பொய்.
எட்டாயிரம், தவணையில்.
கேபிளில் கட்டிய ஒரு கயிறு:
நாணை இழுக்க இழுக்க எழுந்து நிற்கும்,
விட்டதும் படுத்துவிடும்.
இறகு வந்து சேரும்போது
அங்கே உரச ஒன்றுமே இருக்காது.
முகப்பவுடரை இறகில் அப்பி எய்தேன்,
ஒரு கோடு இல்லை.
தினக் காலண்டர் தாளைச் சட்டத்தில் ஒட்டி
இரண்டு மீட்டரில் எய்தேன்.
ராகுகாலத்துக்கும் எமகண்டத்துக்கும் நடுவே
ஒரு துளை, மூன்று கீற்று.
"இதுக்கு மேல என்ன வேணும் ஒனக்கு?"
என்றார் போனில்
தேவகோட்டை நைனா முகம்மது.

வேண்டும்.
நான் இறக்குகிறவள்.
முழுக்க இழுத்து, மூக்கு நுனியில் நாண் பட,
குமிழி நடுவில் நிற்க,
விரல் விசைமேல் வந்த பிறகும்
ஏதோ சரியில்லை என்று
மெல்ல இறக்குகிறவள்.
ஓசூர் வேலைக்குப் பஸ் ஏறி
திருமயத்தில் இறங்கியவள்.
விழும் தாங்கிக்கு இது புரியாது.
நாண் முன்னே திரும்பினால்
எய்துவிட்டாள் என்றே நினைக்கும்.
தானும் விழுந்து அம்பையும் தள்ளும்.
டக்கென்ற அந்தச் சத்தத்துக்கு
பக்கத்தில் நிற்பவள் திரும்பிப் பார்ப்பாள்.

மிச்சம் இருப்பது வெறும் தகடு.
கால் மில்லிமீட்டர் எஃகு,
நுனியில் பாம்பு நாக்குப் பிளவு.
எழுநூறு ரூபாய்.
காற்றடித்தால் அம்பு உருண்டு விழும்;
மூன்று தடவை விழுந்தது.
கீழ் இறகில் பவுடர் தேய்ந்திருந்தது.
அம்பின் வால்கொக்கியை நூலளவு திருப்பினேன்,
தேய்வது நின்றது.
திங்கள், செவ்வாய், புதன் எல்லாம்
இடப்பக்கம் கோணிக் கிழிந்தன.
தகட்டை மயிரிழை நகர்த்திய பின்
வியாழன் நேராகக் கிழிந்தது.

அம்பு புறப்படும்போது
இந்தத் தகடு கொஞ்சம் நாணுகிறது.
நாண் என்று நம்மிடம் ஒரே சொல்தான்.
வில்லில் கட்டினால் விறைப்பு,
உடம்பில் ஏறினால் வளைவு.

கடைசியாக ஒரு தடவை இழுத்தேன்.
உமி மூட்டை இடுக்கிலிருந்து ஒரு கீரி வந்து
மஞ்சளுக்கு நேர் கீழே உட்கார்ந்து
முகம் துடைத்தது.
இறக்கினேன்.
ஐம்பது பவுண்டு வில் தோளைப் பற்றி முன்னே இழுக்க
அங்குலம் அங்குலமாக.
அம்பு பிளவில் கிடந்தபடியே கிடந்தது.

கீரி போகட்டும் என்று நின்றேன்.
சவரிமுத்துவிடம் என்ன சொல்வதென்று
இன்னும் யோசிக்கவில்லை.