மூன்று வோல்ட்

தொண்ணூற்றிரண்டு மாடல் புல்லட்.
இரண்டு பக்கமும் வர்க்கி டின்கள்.
கோத்தகிரியில் அடுப்பிறக்கிச் சூடு ஆறுமுன்
மூன்றே முக்காலுக்குக் கிளம்புகிறவன் நான்.
ஹெட்லைட் இருந்தது.
அதை வெளிச்சம் என்று சொன்னால்
சிம்னி விளக்கு கோபித்துக்கொள்ளும்.

அரவேணு தாண்டி இறங்க இறங்கப் பலாவாசனை.
ஆனி மாதம், யானை நிற்கிற மாதம்.
என் விளக்குக்கு யானையும்
தார்ப்பாய் போர்த்திய லாரியும் ஒன்றுதான்.
இன்ஜினை அணைத்துவிட்டு
எது மூச்சு விடுகிறதென்று கேட்டுக்கொண்டு நிற்பேன்.

பல்பை மாற்று என்றார் எட்வின். மாற்றினேன்.
புது பல்ப் புதிதாக மங்கியது.
பேட்டரியைப் பார் என்றார்.
பார்க்கவில்லை, வாங்கியேவிட்டேன்.
அதற்காக ஊட்டி போனதில்
அந்தச் சனிக்கிழமை வசூல் போச்சு.
ரிஃப்ளெக்டரைத் துடைக்கிறேன் பேர்வழி என்று
இருந்த வெள்ளிப்பூச்சையும் கொஞ்சம் உரித்தேன்.

ஒன்றுதான் உறுத்திக்கொண்டே இருந்தது:
வலது இண்டிகேட்டரைப் போட்டால்
ஹெட்லைட்டும் கூடவே கண்ணடித்தது.

லைன்மேன் ஜோகியிடம் மீட்டர் இரவல்.
மாவு புளிக்கிற நேரத்தில்
அடுப்போரம் வண்டியை நிறுத்தி விளக்கைப் போட்டேன்.
பேட்டரி முனையில் பன்னிரண்டு புள்ளி நான்கு.
பல்பின் காலில் ஒன்பது புள்ளி நான்கு.

இது எனக்குத் தெரிந்த கணக்கு.
நாற்பது டஜன் கிளம்பி முப்பது டஜன் போய்ச் சேர்ந்தால்
நடுவில் யாரோ தின்கிறார்கள்.

சுவிட்சைப் பிரித்தேன். செம்புப் பொட்டில் பாசிப்பச்சை.
உப்புத்தாளால் தேய்த்ததில்
அரை வோல்ட் வீடு திரும்பியது.
மீதிக்காக ஒவ்வொரு வயராக
விரலால் உருவிக்கொண்டே போனேன்.
எல்லாம் யோக்கியமாக இருந்தன.

சலித்துப்போய்,
மீட்டரின் கறுப்பைப் பேட்டரி மைனஸில் வைத்து
சிவப்பை ஹெட்லைட் சட்டியிலேயே வைத்தேன்.
ஒன்றுமே காட்டக்கூடாத இடத்தில்
இரண்டரை.

போகிற வழியிலேயே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.
திரும்பி வருகிற வழியில்
உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது அது.
டேங்குக்கு அடியில் ஒரு போல்ட், அதில் எர்த் வயர்.
போன வருஷம் ஃப்ரேமுக்குக் கறுப்பு அடித்து
காய்ந்த பெயிண்டின் மேலேயே
இறுக்கி முறுக்கியவன்
எட்வின் இல்லை, நான்.

கத்தி முனையால் இரும்பு வெளுக்கும்வரை சுரண்டினேன்.
பல் வாஷர், ஒரு தொடு கிரீஸ்.
சாவியைத் திருப்பியதும்
எதிர்ச்சுவரில் ஒட்டடை, ஈ எச்சம்,
கிழிக்காமல் விட்ட மார்ச் மாதம்.
பிசைந்துகொண்டிருந்த சுலைமான்
மாவுக் கையால் கண்ணை மூடிக்கொண்டு
அணைங்கண்ணே என்றான்.

அன்றைக்குப் பார்த்து மூடுபனி.
ஹைபீம் போட்டால்
மூக்குக்கு முன்னால் சுண்ணாம்புச் சுவர்.
இத்தனை பாடுபட்டு மீட்ட வெளிச்சத்தை
டிம் பண்ணித்தான் ஓட்டினேன்.

முள்ளூர் வளைவுக்குக் கீழே பனி விலகியது.
பழனியாண்டி கடை.
தினமும் ஷட்டர் கொக்கியில்
ஒரு டஜன் பொட்டலத்தை மாட்டிவிட்டுப் போவேன்.
மறுநாள் கொக்கி காலியாக இருக்கும்.
எடுத்துக்கொண்டார் என்று
நோட்டில் ஒரு கோடு.

வெளிச்சம் ஷட்டரில் நின்றது.
கீழே சாக்கடை ஓரம் நெடுக
கடித்துக் குதறிய காகிதங்கள்,
வேலியில் சிக்கிய என் சணல்கயிறு,
பெஞ்சின்மேல் ஈரத்தில் ஊறிய வர்க்கித் தூள்,
அதில் சின்னச் சின்னக் கைத்தடங்கள்.
ஷட்டரில் சாக்பீஸ் எழுத்து, பாதி மழையில் கரைந்து:
மகளுக்குப் பிரசவம். கடை இருபது நாள் லீவு.
தேதி போடவில்லை.

நோட்டை எடுத்து வெளிச்சத்தில் எண்ணினேன்.
பதினொரு கோடு.

பன்னிரண்டாவதை மாட்டவில்லை.
மேலே மரத்தில் ஒன்று புரண்டு படுத்தது.
பொட்டலத்தைத் திரும்ப டின்னில் வைத்து
குஞ்சப்பனைக்கு இறங்கினேன்,
பெண்ணா பையனா என்று
அங்கே யாருக்காவது தெரிந்திருக்கும்.